ஒரு ரூபாய்க் குத்தகை

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய மனிதர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியை அந்தப் பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை. 'தர்மாஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். காசு கேட்காமல் மருந்து கொடுக்கிற இடம், ஆகையால் தர்மம். மருந்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கட்டிடம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்றெல்லாம் அவர்கள் விசாரித்ததில்லை. ஜுரத்தோடு போகிறவனுக்கு அந்த விசாரணை எதற்கு?

அந்தச் சொல் எனக்கு மறந்தே போயிருந்தது. சில வருஷங்களுக்கு முன் டில்லி நண்பர் ஒருவர் சொன்ன சம்பவம் அதை மறுபடி ஞாபகப்படுத்தியது.

நண்பர் மத்திய சர்க்காரில் முப்பது வருஷம் ஃபைல்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். கரோல்பாகில் ஜாகை. அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளின் புருஷனுக்கு வயிற்றில் கட்டி. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ கூட்டம். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் துணிந்து ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பளிங்குத் தரை, குளிர்ந்த காற்று, சிரித்த முகத்தோடு ஒரு பெண். முன்பணம் எவ்வளவு என்று அந்தப் பெண் சொன்ன தொகையைக் கேட்டு இவள் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் நண்பர் கூடப் போனார். அவர் ஃபைல் மனிதர் அல்லவா? முன்பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "இந்த ஆஸ்பத்திரி நிற்கிற நிலம் சர்க்கார் கொடுத்தது. ஏழைகளுக்கு இலவசப் படுக்கை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதில் ஒரு படுக்கை வேண்டும்" என்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் விழித்தாள். டெலிபோன் செய்தாள். உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். ரேஷன் கார்டைப் பார்த்தார். வருமானத்தைப் பற்றி ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினார். சாயங்காலத்துக்குள் அந்த மனிதனுக்குப் படுக்கை கிடைத்துவிட்டது.

"காலையில் இல்லாத படுக்கை சாயங்காலம் எப்படி முளைத்தது?" என்று கேட்டேன்.

"எங்கே முளைத்தது? அங்கேயேதான் இருந்தது, ஐயா. காலியாக இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்!" என்றார் நண்பர்.

அந்தக் காலிப் படுக்கையின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது முழுக்க முழுக்கக் கோர்ட்டுச் சரித்திரம். கோர்ட்டு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாவலுக்குரிய திருப்பங்கள் அதில் நிறைய இருக்கின்றன.

கதை எழுதுகிறவன் கையில் எந்தக் காகிதம் அகப்பட்டாலும் அதில் பாத்திரங்களைத்தான் தேடுவான். ஆஸ்பத்திரி கட்டுவதற்காகச் சர்க்கார் தர்ம ஸ்தாபனத்துக்கு நிலம் கொடுக்கிற சாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவருக்காகத்தான் நிலமே கொடுக்கப்படுகிறது. அவர் ஏழை நோயாளி. சாசனத்தில் அவருக்குப் பெயர் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அப்படி ஒரு சாசனம் எழுதப்பட்டது என்கிற செய்திகூட அவருக்குத் தெரியாது. பின்னால் வந்த வழக்குகளையெல்லாம் ஒரே வரியில் சொல்வதானால், கையெழுத்துப் போடாத இந்த மூன்றாம் மனிதருக்கு ஏதாவது உரிமை உண்டா, இல்லையா என்ற வியாஜ்யம்தான்.

முதலில் நிலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

டில்லியில் 'நஸூல்' நிலம் என்று ஒரு வழக்கு உண்டு. சர்க்காரின் கைக்கு வந்து சேர்ந்த நிலம் என்று அர்த்தம். 1857-ல் நடந்த புரட்சிக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் பறிமுதல் செய்த நிலங்கள் உண்டு. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பார் நடத்தி, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்தார் அல்லவா? அதற்குப் பிறகு புது நகரத்துக்காகக் கிராமம் கிராமமாக எடுத்துக்கொண்ட நிலங்கள் உண்டு. 1937-ல் இவற்றில் ஒரு பகுதியை நிர்வகிக்க டில்லி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. 1957-ல் அதன் இடத்தில் டில்லி அபிவிருத்தி ஆணையம் வந்தது. 1961-ல் நகரம் வளருவதற்காக நிலங்களை மொத்தமாக எடுத்து, சீர்ப்படுத்தி, சர்க்காரே விநியோகிப்பது என்று பெரிய திட்டம் ஒன்று போட்டார்கள்.

கோதுமையும் கடுகும் விளைந்த வயல்கள் அவை. 'பொது நன்மைக்காக' என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லி, 1894-ம் வருஷத்துச் சட்டப்படி, சர்க்கார் நிர்ணயித்த ஈட்டுத் தொகைக்குக் குடியானவர்கள் நிலத்தை விட்டுக் கொடுத்தார்கள். ஆக நம் சாசனத்துக்குப் பின்னால் நாலாவது பாத்திரமும் ஒன்று நிற்கிறது. பொது நன்மை என்று நம்பியோ, நம்பாமலோ, கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிய குடியானவன். அவனை மறந்துவிட்டால் இந்தக் கதையில் நியாயம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்தபடியாக, வாங்கியவர்கள் யார்?

ஆரம்ப காலத்தில் வாங்கியவர்களில் பலர் மெய்யாகவே தர்ம சிந்தனை உள்ளவர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். லாகூரில் லாலா கைராத்தி ராம் என்று ஒரு தனவந்தர் இருந்தார். 1920-களின் பிற்பகுதியில் அவர் எழுதிய உயிலின்படி ஒரு டிரஸ்ட் ஏற்பட்டது. ஆயுர்வேத வைத்தியத்தை வளர்க்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். இருபது வருஷம் ஆயிற்று. தேசம் இரண்டாகப் பிரிந்தது. லாகூர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. லட்சக்கணக்கான மனிதர்கள் டில்லிக்கு அகதிகளாக வந்தபோது அந்த டிரஸ்டும் ஓர் அகதியைப்போலத்தான் வந்தது. அகதிகளுக்காக ஏற்பட்ட லஜ்பத் நகர்ப் பகுதியில் சர்க்கார் அதற்கு 9 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. இன்று மூல்சந்த் ஆஸ்பத்திரி என்று டில்லியில் எல்லோருக்கும் தெரிந்த இடம் அதுதான்.

அந்தக் குத்தகைப் பத்திரத்தில் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்று இருந்தது. இத்தனை ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. எழுத வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. தர்ம ஸ்தாபனம் தர்மம் செய்யும் என்பதை எழுதி வேறு வைக்க வேண்டுமா? அறுபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு அந்த எழுதாத வரியை வைத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டில் வாதம் நடக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

காலம் போகப் போகச் சர்க்காருக்கு எழுதி வாங்கும் புத்தி வந்தது. நஸூல் நிலங்களைக் கொடுப்பதற்கு 1981-ல் விதிகள் செய்தார்கள். பதிவு செய்த சங்கமாக இருக்க வேண்டும், லாப நோக்கம் இருக்கக் கூடாது என்றார்கள். அப்படிப்பட்ட ஸ்தாபனத்துக்குச் சந்தை விலையில் அல்லாமல் சலுகை விலையில் நிலம். அதற்குப் பதிலாக ஏழைகளுக்கு இத்தனை சதவிகிதம் இலவசப் படுக்கை என்று ஷரத்து. இந்தச் சதவிகிதம் எல்லோருக்கும் ஒன்றாகவும் இல்லை. சிலருக்கு 25, சிலருக்கு 70 வரையிலும்கூட எழுதினார்கள்.

எழுதினார்கள், வாங்கினவர்கள் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் போய்ப் பார்த்தவர் யார்? நிலம் கொடுத்தது ஓர் இலாகா. ஆஸ்பத்திரிகளைக் கவனிப்பது வேறோர் இலாகா. முதல் இலாகா, "வைத்தியம் எங்கள் வேலை அல்ல" என்றது. இரண்டாவது இலாகா, "பத்திரம் எங்களிடம் இல்லை" என்றது. இரண்டுக்கும் நடுவே ஷரத்து ஃபைலுக்குள் சுகமாகத் தூங்கிற்று. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் பழமொழி உண்டு. அது வாங்கினவனுக்குச் சொன்ன புத்தி. கொடுத்த சர்க்கார் அதைத் தனக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. மாடு பால் கறக்கிறதா, கறந்த பால் யாருக்குப் போகிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே சட்ட உலகத்தில் நடந்த ஒரு மாறுதலைச் சொல்ல வேண்டும். பழைய நாட்களில், யாருக்கு நஷ்டமோ அவர்தான் கோர்ட்டுக்குப் போகலாம். நம் மூன்றாம் மனிதருக்கோ நஷ்டம் ஏற்பட்டதே தெரியாது. தெரிந்தாலும் வக்கீல் பீஸுக்கு வழி கிடையாது. 1981 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் எஸ். பி. குப்தா வழக்கில் ஒரு கதவைத் திறந்தது. ஏழ்மையினாலோ இயலாமையினாலோ கோர்ட்டுக்கு வர முடியாதவர்களுக்காக, நல்லெண்ணம் கொண்ட வேறொருவர் வந்து முறையிடலாம் என்றது. பொதுநல வழக்கு என்று இன்று பத்திரிகைகளில் நித்தியம் படிக்கிறோமே, அது வேரூன்றியது இப்படித்தான். நிலம் கொடுக்கும் விதிகளும் அதே 1981-ல்தான் பிறந்தன. பூட்டும் சாவியும் ஒரே வருஷத்தில் தயாரான மாதிரி! ஆனால் சாவியைப் பூட்டில் நுழைப்பதற்கு இன்னும் பதினாறு வருஷம் ஆயிற்று.

முதலில் வந்தது ஒரு ரூபாய்க் குத்தகையின் கதை.

1983-ல் சென்னையில் டாக்டர் பிரதாப் ரெட்டி தொடங்கிய அப்போலோ ஆஸ்பத்திரியை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1988-ல் டில்லி நிர்வாகம் அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தலைநகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதென்று ஒப்பந்தம் செய்தது. மதுரா ரோட்டில், சரிதா விஹார் பக்கத்தில், 15 ஏக்கர் நிலம். அடையாள வாடகை 1 ரூபாய். கூட்டுக் கம்பெனியில் சர்க்காருக்கு 26 சதவிகிதப் பங்கு. இதற்கு முன் சொன்ன ஸ்தாபனங்களைப்போல இது தர்ம டிரஸ்ட் அல்ல. வியாபார முறையில் நடக்கிற கம்பெனிதான். ஆனால் நிலத்தைப் பெறும்போது ஏற்றுக்கொண்ட கடமை தர்ம ஸ்தாபனத்துக்கு உரியது. படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கும், வெளிநோயாளிகளில் 40 சதவிகிதமும் ஏழைகளுக்கு இலவசம் என்று ஷரத்து. 1996-ல் ஆஸ்பத்திரி திறந்தது. அடுத்த வருஷமே, ஷரத்துப்படி நடக்கவில்லை என்று வக்கீல்கள் சங்கம் ஒன்று டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது.

வழக்கு பன்னிரண்டு வருஷம் நடந்தது. இதில் எனக்கு ருசிகரமாகப்பட்டது, 'இலவசம்' என்ற ஒரே வார்த்தையைப் பற்றிய வாதம். படுக்கையும் டாக்டர் பார்ப்பதும் இலவசம். மருந்துக்கும், ஊசிக்கும், பஞ்சுக்கும், குழாய்க்கும் நோயாளிதான் பணம் கொடுக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் கட்சி. சாமானிய புத்திக்கு என்ன தோன்றும்? கல்யாணச் சத்திரத்தில் சாப்பாடு இலவசம் என்று உட்கார வைத்து, இலைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, சோற்றையும் குழம்பையும் கடையில் வாங்கி வா என்றால் அது என்ன விருந்து? வயிற்றில் கத்தி வைத்த பிறகு மருந்துச் சீட்டை நீட்டினால் பாத்திரம் தேய்க்கிறவள் எங்கே போவாள்?

2009 செப்டம்பர் 22-ம் தேதி ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. இலவசம் என்றால் இலவசம்தான். மருந்தும் மற்றச் சாமான்களும் அதில் அடக்கம் என்பது தீர்ப்பின் சாரம். ஆஸ்பத்திரி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அதே வருஷ முடிவில், வழக்கு முடிகிற வரையில் மருந்துக்கும் சாமான்களுக்கும் பணம் வாங்கிக்கொள்ள அங்கே இடைக்கால அனுமதி கிடைத்தது. இடைக்காலம் என்பது சட்ட பாஷையில் எத்தனை நீளமான காலம் என்று வியாஜ்யம் ஆடினவர்களுக்குத் தெரியும். குத்தகையின் முப்பது வருஷமே 2023-ல் முடிந்துவிட்டது. வழக்கு முடியவில்லை. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கடுமையாகப் பேசினார்கள். ஏழைகளுக்கு இலவச வைத்தியம் நடக்கிறதா என்று நேரில் பார்த்து வரச் சொன்னார்கள். நடக்கவில்லை என்று தெரிந்தால், ஆஸ்பத்திரியை அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் பொறுப்பில் விட நேரும் என்று எச்சரித்தார்கள். ஒப்பந்தம் எழுதியபோது பிறந்த குழந்தைக்கு அப்போது வயது முப்பத்தேழு!

இரண்டாவது கதையில் திருப்பம் வேறு மாதிரி. ஓக்லா ரோட்டில் எஸ்கார்ட்ஸ் இருதய ஆஸ்பத்திரிக்கு 1980-களில் சலுகை விலையில் நிலம் கிடைத்தது. வாங்கியது லாப நோக்கமில்லாத ஒரு சங்கம். 2000-ல் அந்தச் சங்கம் சண்டிகாரில் பதிவான வேறொரு சங்கத்தோடு இணைந்தது. அந்தச் சங்கம் கம்பெனியாக மாறிற்று. 2005-ல் அந்தக் கம்பெனியின் 90 சதவிகிதப் பங்குகளை ஃபோர்ட்டிஸ் நிறுவனம் 585 கோடி ரூபாய்க்கு வாங்கியது. டில்லி அபிவிருத்தி ஆணையம் திடுக்கிட்டு எழுந்து அதே வருஷம் குத்தகையை ரத்து செய்தது. 'நாங்கள் நிலம் கொடுத்தது தர்ம சங்கத்துக்கு. கம்பெனிக்கு அல்ல' என்பது அதன் வாதம். இணைப்பும் மாற்றமும் சட்டப்படி நடந்தவையே என்பது எதிர்வாதம். அந்த வழக்குகளும் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தன. 585 கோடியில் கட்டிடத்துக்கும் கருவிகளுக்கும் டாக்டர்களின் புகழுக்கும் எவ்வளவு, காலடியில் கிடந்த சர்க்கார் நிலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அந்தக் குடியானவன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மட்டும் யோசித்துப் பார்க்கிறேன்.

இனி பொதுவான வழக்கு. தனித்தனி ஆஸ்பத்திரியைப் பற்றிய புகார்கள் பெருகவே, டில்லி சர்க்கார் 2000-ல் ஓய்வு பெற்ற நீதிபதி ஏ. எஸ். குரைஷி தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. ஒருவருக்கு 25, ஒருவருக்கு 70 என்று இருப்பதால்தான் ஒன்றுமே நடப்பதில்லை. நடக்கக்கூடிய அளவாக, எல்லோருக்கும் ஒன்றாக, உள்நோயாளிகளில் 10 சதவிகிதமும் வெளிநோயாளிகளில் 25 சதவிகிதமும் இலவசம் என்று வைத்துவிடலாம் என்று அது யோசனை சொன்னது. 70 சதவிகிதத்துக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு 10 சதவிகிதம் லாபம்தானே என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ஏட்டில் இருக்கிற 70-ஐவிடப் படுக்கையில் இருக்கிற 10 மேல் என்று கமிட்டி நினைத்திருக்க வேண்டும்.

'சோஷல் ஜூரிஸ்ட்' என்ற வக்கீல்கள் குழு 2002-ல் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2007 மார்ச் 22-ம் தேதி வந்த தீர்ப்பு 10 - 25 என்ற கணக்கை ஏற்றுக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டளையிட்டது. இத்தனை வருஷம் ஷரத்தை மீறிச் சம்பாதித்த லாபத்தைக் கணக்கிட்டு வசூல் செய்யவும் சொல்லிற்று. ஆஸ்பத்திரிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2011-ல் அங்கேயும் தோற்றன. 2016-ல் டில்லி சர்க்கார் ஐந்து ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து 600 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவு போட்டது. அதுவும் கோர்ட்டுப் படியேறியது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இங்கே, முன்னால் விட்டு வந்த லாகூர் டிரஸ்டின் கதை மறுபடி வந்து சேருகிறது. இதுவரை சொன்ன வழக்குகளில் ஷரத்து எழுத்தில் இருந்தது; எழுதினபடி நடக்கவில்லை என்பதுதான் சண்டை. எழுதவே இல்லை என்றால்?

2012 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் நில இலாகா, சலுகையில் நிலம் பெற்ற எல்லா ஆஸ்பத்திரிகளும், பத்திரத்தில் ஷரத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், 10 - 25 கணக்குப்படி இலவச வைத்தியம் செய்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. மூல்சந்த் டிரஸ்ட் ஆட்சேபித்தது. 1885-லிருந்து டில்லியில் சேவை செய்துவரும் செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆஸ்பத்திரி, சீதாராம் பார்த்தியா நிலையம் ஆகியவையும் இந்த வழக்கில் சம்பந்தப்பட்டன.

அவர்கள் கட்சியை நாம் அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது. 'அன்றைக்கு நீங்கள் கேட்ட விலையைக் கொடுத்தோம். நீங்கள் எழுதிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். அறுபது வருஷம் கழித்து வந்து, பத்திரத்தில் இல்லாத வரியை நீங்களாக எழுதிச் சேர்க்கலாமா? நாங்கள் தர்மம் செய்கிறவர்கள்தான். எவ்வளவு, எப்படி என்பதை நாங்களல்லவா தீர்மானிக்க வேண்டும்? இன்றைய வைத்தியத்துக்கு ஆகும் செலவு யாருக்குத் தெரியும்?' இதில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? நாளைக்கு நம் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் சர்க்கார் ஒரு வரி சேர்த்தால் நாம் சும்மா இருப்போமா? 2014-ல் ஹைகோர்ட் இந்தக் கட்சியை ஒப்புக்கொண்டு சர்க்கார் உத்தரவை ரத்து செய்துவிட்டது.

2018 ஜூலை 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் லலித்தும் அதை மாற்றினார்கள். இது இருவருக்கு நடுவே நடந்த வீட்டுக் கிரயம் அல்ல என்பதுதான் அவர்கள் பார்வை. நிலம் மக்களின் சொத்து. சந்தையில் என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கவில்லை. ஆஸ்பத்திரி என்பதால் சலுகையாகக் கிடைத்தது. அப்படிப்பட்ட நிலத்தைப் பெறுகிறவர் பொது நன்மை என்கிற கடமையையும் சேர்த்தே பெறுகிறார். தர்மம் செய்வதாகச் சொல்லி ஏற்பட்ட டிரஸ்டிடம் தர்மம் செய்யச் சொன்னால் அது அதன் நோக்கத்துக்கு விரோதமாகுமா? உத்தரவு செல்லும், மீறினால் குத்தகையை ரத்து செய்யலாம் என்று தீர்ப்பாயிற்று.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கதைக்காரனாக அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது ஒன்று புரிந்தது. சாசனத்தில் கையெழுத்துப் போட்ட இருவரை மட்டும் பார்த்தால் டிரஸ்டின் வாதம் சரி. மூன்றாம் மனிதரையும் சேர்த்துப் பார்த்தால் சர்க்காரின் உத்தரவு சரி. கோர்ட்டு மூன்றாம் மனிதரைப் பார்க்கத் தீர்மானித்தது. 1981-ல் திறந்த கதவு வழியாக அவர் கடைசியில் உள்ளே வந்து சேர்ந்தார்.

ஆனாலும் மங்களம் பாட முடியவில்லை. ஏனென்றால் என் நண்பர் பார்த்த காலிப் படுக்கை இத்தனை தீர்ப்புகளுக்கும் பிற்பட்டது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை இலவசப் படுக்கை காலி என்று டில்லி சர்க்காரே கணக்கு வெளியிடுகிறது. ஒரு பக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்துக் காத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் வெள்ளை விரிப்போடு படுக்கை காத்திருக்கிறது. 'சர்க்கார் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளை அனுப்புவதில்லை' என்கிறார்கள் அவர்கள். 'வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள்' என்கிறார்கள் இவர்கள். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? சுப்ரீம் கோர்ட் கொடுத்த வரம், முன்பணம் கேட்கிற மேஜையைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "அந்த மனிதன் எப்படி இருக்கிறான்?"

"சௌக்கியமாக இருக்கிறான். கட்டி ஆபத்தில்லாத கட்டி. மறுபடி வேலைக்குப் போகிறான். ஆனால் அவன் பெண்ஜாதி இருக்கிறாளே, அவள் சொன்னதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் பெரிய செல்வாக்கு இருக்கிறதாம்! நான் சிபாரிசு செய்ததால்தான் படுக்கை கிடைத்ததாம். அவள் குடியிருக்கும் சந்தில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது சிபாரிசு இல்லை, உன்னுடைய படுக்கைதான் என்று நீங்கள் சொல்லவில்லையா?" என்றேன்.

"சொன்னேன், ஐயா, இரண்டு தடவை சொன்னேன். அவள் நம்பவில்லை."